காலால் ஆடும் நினைவு விளையாட்டு



ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளின் நினைவாற்றலுக்குப் பயிற்சி தரும் கணினி விளையாட்டு ஒன்றைச் செய்து தருமாறு சங்கம் எம்மிடம் கேட்டது. கணினித்துறையிலும் உளவியல்துறையிலும் பணியாற்றும் பழைய மாணவிகளாகிய நாம் அதை எப்படி அமைத்தோம், அதனிடம் எதை எதிர்பார்க்கலாம் என்று சொல்லவே இங்கு நிற்கிறோம்.

மனக்கணக்குச் செய்யும்போது முதல் விடையை மறவாமல் வைத்துக்கொண்டு அடுத்ததைக் கூட்டுகிறோம் அல்லவா? அது செயற்படு நினைவகத்தின் வேலை. அதன் கொள்ளளவு சிறியது. வளர்ந்தவர்களுக்கே ஏறத்தாழ 4 விடயங்கள்தான் என்று நெல்சன் கோவன் 2001இல் எழுதினார்.

நாம் செய்தது தரையில் விரிக்கும் 9 கட்டங்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு அலுமினியத் தாள்கள், நடுவே துளையிட்ட ஸ்பொஞ்ச். பிள்ளை மிதித்ததும் தாள்கள் ஒன்றையொன்று தொடும்; விசைப்பலகையில் ஒரு விசை அழுத்தப்பட்டதாகக் கணினி எடுத்துக்கொள்ளும். திரையில் கட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். அதே ஒழுங்கில் மிதித்துச் செல்லவேண்டும். 2 கட்டங்களில் தொடங்கி, இருமுறை சரியானால் ஒன்று கூடும். பிழைத்தால் ஒன்று குறையும். அடுத்த படியில் ஒழுங்கைத் தலைகீழாக மிதிக்கவேண்டும்.

கட்டங்களுக்கு நாம் இலக்கமிடவில்லை. இட்டால் பிள்ளை "மூன்று, ஏழு, இரண்டு" என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். இடத்தை நினைவில் வைக்கமாட்டாள். விரலால் தட்டுவது நொடியில் முடியும். காலால் போக நேரம் எடுக்கும். அதுவரை மீதி ஒழுங்கைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

சகோதரிகளே, ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம். இத்தகைய பயிற்சிகள் பற்றிய ஆய்வுகளை மெல்பி-லெர்வாக், ஹியூம் இருவரும் 2013இல் தொகுத்து ஆராய்ந்தனர். பயின்ற வேலையிலும் அதையொத்தவற்றிலும் பிள்ளைகள் முன்னேறுகிறார்கள். அம்முன்னேற்றம் வாசிப்புக்கோ கணிதத்துக்கோ சென்று சேர்வதாகத் தெரியவில்லை. ஆகவே "இதை விளையாடினால் புலமைப்பரிசிலில் சித்தி" என்று எந்தத் தாய்க்கும் நாம் சொல்லக்கூடாது. அந்த நம்பிக்கையை விற்றுச் சங்கத்துக்கு நிதி சேர்க்கவும் வேண்டாம்.

அப்படியானால் பயன் என்ன? பிள்ளைகள் ஓடியாடிச் சிரிப்பார்கள், கவனித்து விளையாடுவார்கள். பெரியவர்களாகிய நாமும் ஒருமுறை மிதித்துப் பார்த்தால், ஐந்து கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு "மறதிக்காரி" என்று பிள்ளையைத் திட்டுவது எவ்வளவு அநியாயம் என்பது விளங்கும். கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்வோம், கரும்பலகையிலும் எழுதிவைப்போம். அதற்குக் கணினியே தேவையில்லை.

விரிப்பு மண்டபத்தில் இருக்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வாருங்கள்.