இருபத்தொரு தோல்விகளும் ஓர் ஊரின் பற்றும்



கவிதையைச் சுவைப்போர், இசையைச் சுவைப்போர் பற்றி இத்தகைய அவைகளில் பேசுவது வழக்கம். விளையாட்டைச் சுவைப்போர் பற்றிய பேச்சு அரிதாகவே எழும். எனினும், ஓர் அணியிடம் உள்ளத்தைப் பறிகொடுத்தவரின் மனநிலையும் இலக்கிய மாணவர் ஆராயத்தக்கதே. அமெரிக்க நாட்டுப் பேஸ்பால் ஆட்டத்தில், 1988-ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் பால்டிமோர் நகரத்து ரசிகர்கள் பட்ட பாடு இவ்வுரையின் பொருளாக அமைகிறது.

பேஸ்பால், கிரிக்கெட்டைப் போன்றே மட்டையும் பந்தும் கொண்டு ஆடப்படுவது. அணிக்கு ஒன்பதின்மர், ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஏறத்தாழ மூன்று மணி நேரத்தில் வெற்றி தோல்வி தெரிந்துவிடும். ஆனால் பருவமோ மிக நெடியது. மேஜர் லீக் எனப்படும் முதன்மைத் தொடரில் ஒவ்வோர் அணிக்கும் 162 ஆட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் 81 சொந்த ஊரில் நிகழ்வன. மார்ச் இறுதியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ தொடங்கி, இலையுதிர் காலம் பிறக்கும்வரை ஏறக்குறைய நாள்தோறும் ஆட்டம் உண்டு. ஆதலின் அந்நாட்டு ரசிகருக்கு அணி என்பது எப்போதாவது வந்து போகும் விருந்தாளி அன்று. காலை நாளிதழிலும் மாலை வானொலியிலும் உடன் வாழும் உறவு.

பருவத்தின் முதல் நாளில் எல்லா அணிகளும் சமநிலையில் நிற்கின்றன. சென்ற ஆண்டு வாகை சூடிய அணிக்கும் கடைசி இடத்தில் கிடந்த அணிக்கும் கணக்கு சுழியமே. முதல் சில வாரங்களில் வரும் முடிவுகளைக் கொண்டு ரசிகர் ஆறு மாத எதிர்காலத்தைக் கணிக்க முற்படுகிறார். அக்கணிப்பு சில வேளை பலிக்கும். பல வேளை பொய்க்கும். 1984-இல் டெட்ராய்ட் டைகர்ஸ் முதல் 40 ஆட்டங்களுள் 35-இல் வென்றது; அவ்வாண்டின் இறுதி வாகையையும் சூடியது. 1987-இல் மில்வாக்கி புரூவர்ஸ் முதல் 13 ஆட்டங்களையும் வென்றது; அடுத்த மாதமே தொடர்ந்து 12 ஆட்டங்களில் தோற்று, தன் பிரிவில் மூன்றாம் இடத்தையே பெற்றது. 2019-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் முதல் 50 ஆட்டங்களுள் 31-இல் தோற்றது. ஆண்டு முடிவில் வாகை அதற்கே கிட்டியது. தொடக்க காலக் கணக்கு நம்பத்தக்கதன்று என்பதை ரசிகர் நன்கறிவார். அறிந்தும் அவரால் கணக்கிடாமல் இருக்க இயல்வதில்லை.

இனிப் பால்டிமோருக்கு வருவோம். அந்நகரின் ஓரியோல்ஸ் அணி 1966, 1970, 1983 ஆகிய ஆண்டுகளில் இறுதி வாகை சூடிய பெருமை உடையது. ஆனால் 1984 மார்ச் மாதத்தில் நகரத்துக்கு ஒரு பேரிழப்பு நேர்ந்தது. அதன் கால்பந்து அணியான கோல்ட்ஸ், உடைமைகளை இரவோடிரவாக லாரிகளில் ஏற்றிக்கொண்டு இண்டியானாபொலிஸ் நகருக்குப் பெயர்ந்துவிட்டது. எஞ்சிய அணியும் போய்விடுமோ என்னும் அச்சம் அவ்வூர் மக்களின் உள்ளத்தில் குடிகொண்டது.

1988 ஏப்ரல் 4 அன்று மெமோரியல் அரங்கில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஓரியோல்ஸ் பருவத்தைத் தொடங்கியது. மில்வாக்கியிடம் 12-0 எனத் தோற்றது. ஆறு தோல்விகள் ஆன அளவில் மேலாளர் கால் ரிப்கன் மூத்தவர் நீக்கப்பட்டார். அவருடைய மைந்தர் இருவர் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தனர் என்பது இந்நிகழ்ச்சியின் துயரத்தை மிகுவிக்கிறது. 1966 வெற்றியின் நாயகர்களுள் ஒருவரான ஃபிராங்க் ராபின்சன் பொறுப்பேற்றார். தோல்வி நின்றபாடில்லை. பருவத் தொடக்கத்தில் அதுவரை எந்த அணியும் 13-க்கு மேல் தொடர்ந்து தோற்றதில்லை. ஓரியோல்ஸ் அவ்வெல்லையையும் கடந்தது. பாப் ரிவர்ஸ் என்னும் உள்ளூர் வானொலி அறிவிப்பாளர், அணி வெல்லும்வரை ஒலிபரப்பை விட்டு அகலப்போவதில்லை என அறிவித்து, 258 மணி நேரம் நிலையத்திலேயே இருந்தார். 21 தோல்விகளுக்குப் பின், ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் 9-0 என்னும் முதல் வெற்றி கிட்டியது. அடுத்த இரண்டு ஆட்டங்களில் மீண்டும் தோல்வியே.

ஒரு வெற்றி, 23 தோல்விகள் என்னும் கணக்கோடு அணி மே 2 அன்று ஊர் திரும்பியது. அன்று மாலை அரங்கில் கூடியோர் 50,402 பேர். அவர்களை அழைத்து வந்தது எது?

வெற்றியை எதிர்பார்த்து வந்தனர் எனின், கணக்கு அவ்வெதிர்பார்ப்புக்கு இடம் தரவில்லை. தொல்காப்பியர் முல்லைக்கு உரிப்பொருளாக இருத்தலையும், நெய்தலுக்கு இரங்கலையும் வகுத்தார். தலைவன் கார்காலத்தில் மீள்வான் என ஆற்றியிருப்பவளுக்கு ஒரு சொல் துணையாக உண்டு. பால்டிமோர் மக்களுக்கு அத்தகைய வாக்குறுதி எதுவும் இல்லை. அவர்தம் நிலை இருத்தலும் இரங்கலும் ஒருங்கே கலந்த ஒன்று. எதிர்பார்ப்புக்குக் கணக்கு வேண்டும், பற்றுக்கு வேண்டியதில்லை. எதிர்பார்ப்பு முறிந்த நாளிலேயே பற்று தன் உருவைக் காட்டுகிறது. இழந்த அணி ஒன்றின் நினைவு, தோற்கும் அணியை அவர்களுக்கு அரியதாக்கிற்று.

இப்பற்றுக்கு ஒரு விலையும் உண்டு. அணி என்பது செல்வர் ஒருவரின் உடைமை. ரசிகர் அதன் உரிமையாளர் அல்லர். அன்றிரவு அரங்கில் கூடியோரிடம், புதிய அரங்கத்துக்கு நெடுங்கால ஒப்பந்தம் ஏற்பட்ட செய்தியை மேரிலாந்து ஆளுநர் வில்லியம் டொனால்ட் ஷேஃபர் அறிவித்தார். 1992 ஏப்ரலில் திறக்கப்பட்ட கேம்டன் யார்ட்ஸ் என்னும் அவ்வரங்கம் பொதுப்பணத்தில் எழுந்தது. தம் அணியைத் தம் ஊரில் இருத்திக்கொள்ள மக்களே பொருள் தர வேண்டியிருந்தது. அன்பு உள்ள இடத்தில் வணிகம் தன் கடையை விரிக்கும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

அவ்வாண்டு ஓரியோல்ஸ் 54 வெற்றிகளும் 107 தோல்விகளும் கண்டு கடைசி இடம் பெற்றது. மறு ஆண்டு 87 ஆட்டங்களில் வென்று, கடைசி வார இறுதிவரை போராடி, தன் பிரிவில் இரண்டாம் இடத்தை எய்தியது. அவ்வெற்றிகளை நாடே பாராட்டியது. ஆயினும், மே 2 மாலையில் வந்தமர்ந்தோர் மறு ஆண்டை அறியார்; ஒன்றுக்கு இருபத்து மூன்று என்னும் கணக்கை மட்டுமே அறிந்து வந்தனர். ரசிகர் என்னும் சொல்லுக்கு முழுப்பொருள் அவர்களிடமே விளங்குகிறது.