தரையில் சொட்டாத கசிவு
(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனாலும் என் பழைய டீசல் காரைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டார். நம் பார்க்கிங்கில் அந்த வயது டீசல் வண்டிகள் இன்னும் சில நிற்பதால் ஒப்புக்கொண்டேன்.

என்னுடையது 2009 மாடல், காமன் ரெயில் டீசல். இரண்டு வருடமாக ஒரே தொல்லை. காலையில் சாவியைத் திருப்பினால் நெடுநேரம் சுற்றியும் பிடிக்காது. பிடித்துவிட்டால் நன்றாக ஓடும். சில நாள் மேம்பாலம் ஏறும்போது இழுவை குறைந்து அணைந்துவிடும். ஃபில்டர் மாற்றினோம், இரண்டு வாரம் சரியாக இருந்தது. பேட்டரி மாற்றினோம், ஒரு சென்சார் மாற்றினோம். மறுபடியும் பழைய கதைதான்.

ஒரு நாள் இரவு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். மருத்துவமனைக்குக் கிளம்பினோம். பாதிப் பாலத்தில் வண்டி நின்றுவிட்டது. நல்லவேளையாக ஓர் ஆட்டோக்காரர் நிறுத்தி ஏற்றிக்கொண்டார். மறுநாள் ஒர்க்‌ஷாப்பில், "பம்ப், இன்ஜெக்டர் எல்லாம் மாத்தணும் சார், எழுபதாயிரம் ஆகும்" என்றார்கள். வண்டியை விற்றால் அதைவிடப் பெரிதாக ஒன்றும் வராது.

அன்று எனக்கு வங்கி ஞாபகம் வந்தது. மாலையில் கணக்கு பத்து ரூபாய் இடித்தால், அதை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். ஆனால் வித்தியாசம் மறுநாளும் அங்கேயேதான் இருக்கும். அதைப் பிடிக்க ஒரே வழி, முதல் வவுச்சரிலிருந்து ஒவ்வொன்றாக டிக் அடித்து வருவதுதான். இரண்டு வருடமாக நான் வண்டியின் கோளாறை சஸ்பென்ஸில்தான் போட்டு வந்திருக்கிறேன்!

ஒரு நோட்டு போட்டேன். எந்த நேரம், டேங்கில் எவ்வளவு டீசல், வண்டி எங்கே நின்றது என்று தினமும் எழுதினேன். மூன்று வாரத்தில் ஒன்று தெரிந்தது. டேங்க் நிறைந்திருந்தால் தொல்லை குறைவு, கால் டேங்குக்குக் கீழே போனால் அதிகம். அடுத்ததைச் சொன்னவர் நம் செக்யூரிட்டி தம்பி. "ஐயா, கேட் பக்கம் நிறுத்தின அன்னிக்கு மட்டும் உடனே ஸ்டார்ட் ஆகுதே!" யோசித்துப் பார்த்தேன். என் இடத்தில் தரை சரிவு. வண்டியின் முன்பக்கம் மேலே தூக்கி நிற்கும். கேட் பக்கம் அது தாழ்ந்து நிற்கும்.

என் வண்டியில் டேங்குக்குள் மோட்டார் கிடையாது. எஞ்சினிலுள்ள பம்ப்தான் பின்னாலிருந்து டீசலை உறிஞ்ச வேண்டும். ஸ்ட்ராவில் சிறு ஓட்டை இருந்தால் ஜூஸ் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதே கதைதான் இங்கும். இரவில் காற்று புகுந்து, குழாயில் நிற்க வேண்டிய டீசல் டேங்குக்கே இறங்கிவிடுகிறது. "தரையில் ஒரு சொட்டு இல்லை, லீக் இல்லை" என்று எல்லோரும் சொன்னார்கள். உறிஞ்சும் பக்கத்துக் கசிவு அப்படிச் சொட்டாமலும் இருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

வேறொரு மெக்கானிக்கிடம் நோட்டைக் காட்டினேன். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப் ஒன்றை மாட்டி எஞ்சினை ஓடவிட்டார். டீசலோடு குமிழ்கள் வரிசையாகப் போயின. இணைப்பு இணைப்பாகப் பார்த்ததில், கைப்பம்ப் பக்கத்து ரப்பர் ஹோஸ் இறுகி, விளிம்பில் வெடித்திருந்தது. புது ஹோஸ், இரண்டு கிளிப், மொத்தம் நானூறு ரூபாய்க்குள். முன்பு ஃபில்டர் மாற்றியபோதெல்லாம் இரண்டு வாரம் சரியாக ஓடியதற்கும் காரணம் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் அந்த கிளிப்பைக் கழற்றி இறுக்கியிருக்கிறார்கள்! அதன் பிறகு பதினான்கு மாதம் ஆகிறது, வண்டி ஒரு நாளும் நிற்கவில்லை.

உங்கள் வண்டிக்கும் இதே கோளாறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் செலவு குறைந்ததில் தொடங்கி இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் பேட்டரி. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டீசலுக்கு வேண்டிய அழுத்தம் சேராது. சுற்றும்போது சைலன்ஸரையும் கவனியுங்கள். புகையே இல்லையென்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை என்று சந்தேகிக்கலாம். வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை.

அடுத்து ஃபில்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து கொஞ்சம் டீசலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும்.

மூன்றாவது, அந்தக் கண்ணாடி டியூப் சோதனை. நான்காவது, வண்டி நின்ற உடனே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். பலமாகக் காற்றை உள்ளே இழுத்து, பிறகு வண்டி ஓடினால் டேங்கின் காற்று வழி அடைத்திருக்கலாம்.

ஐந்தாவது, இன்ஜெக்டர்களிலிருந்து திரும்பி வரும் டீசலைத் தனித்தனி பாட்டிலில் பிடிப்பது. மற்றவற்றைவிட ஒன்று சீக்கிரம் நிறைந்தால் அந்த இன்ஜெக்டர்தான் சந்தேகத்துக்குரியது, எல்லாமே அல்ல. பம்ப் கடைசி. அதற்கும் முன் ஸ்கேனரில் ரெயில் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. அம்பாசடர் டீசல் காலத்தில் இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவார்கள். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. ஓடும்போது அந்தக் குழாயில் அழுத்தம் 1,000 பாருக்கு மேலும் போகும். பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் ஊசி குத்தியதுபோல் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இன்னொன்று, பிடித்த டீசலை நம் பார்க்கிங்கில் கேனில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

என் நோட்டு வீட்டில்தான் இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம். செக்யூரிட்டி தம்பியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் வண்டிகள் காலையில் எப்படிக் கிளம்புகின்றன என்று தினமும் பார்ப்பவர் அவர்தான்.