கூண்டு சொல்லும் சேதி



திருப்பதி என்றதும் மலை நினைவுக்கு வரும். கடல் நினைவுக்கு வராது. 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் திருப்பதி தனி மாவட்டம் ஆனது. சித்தூர் மாவட்டத்தில் ஒரு பகுதி அதில் சேர்ந்தது. நெல்லூர் மாவட்டத்தில் ஒரு பகுதியும் சேர்ந்தது. சூளூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் வந்தன. கூடவே கடலும் வந்தது.

சித்தூர்க்காரர்களும் கேளுங்கள். கடல் தூரத்தில்தான் இருக்கிறது. ஆனால் 2021 நவம்பரில் திருப்பதித் தெருக்களில் வெள்ளம் ஓடியதே, அது வங்கக் கடலில் உண்டான தாழ்வு மண்டலம் கொண்டுவந்த மழை.

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும்போது மீனவர்களுக்கு முன்பே சொல்லிவிடுவார்கள். இந்த நாள், இந்த நேரம், கடலில் இந்தப் பக்கம் போகக் கூடாது என்பார்கள். ராக்கெட் கிளம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். சந்தேகத்துக்கு இடமே இல்லை.

புயல் அப்படி அல்ல. எச்சரிக்கை வரும்போது கரையில் நல்ல வெயில் அடிக்கும். மீனவர் வானத்தைப் பார்ப்பார். பக்கத்துப் படகு போகிறதா என்று பார்ப்பார். "போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லையே!" என்பார். வீட்டில் அரிசி இல்லை. டீசல் கடன் நிற்கிறது. படகைத் தள்ளிவிடுவார். அவரை அறிவில்லாதவர் என்று சொல்வது தவறு. கண் முன்னே இருப்பதை வைத்துத்தான் யாரும் முடிவு செய்வார்கள். ஆனால் புயல் கண் முன்னே இல்லை. அது நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருக்கிறது.

துறைமுகத்தில் கூண்டு ஏற்றுவார்கள். பகலில் கூண்டு, இரவில் விளக்கு. 1 முதல் 11 வரை எண்கள் உண்டு. "ஒன்றாம் எண்தானே, பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றாம் எண் என்ன சொல்கிறது? தொலைவில், நடுக்கடலில் வானிலை கெட்டிருக்கிறது என்கிறது. கரையில் இருப்பவருக்கு இப்போது ஆபத்து இல்லை. நடுக்கடலுக்குப் போகிறவரோ அதை நோக்கித்தான் போகிறார்!

5, 6, 7 மூன்றும் அபாயம். அளவு ஒன்றுதான். புயல் துறைமுகத்துக்கு எந்தப் பக்கம் கரை கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. 8, 9, 10 பெரும் அபாயம். 11 என்றால் வானிலை அலுவலகத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

1984 நவம்பர் 14-ஆம் நாள் கடும் புயல் ஒன்று ஸ்ரீஹரிகோட்டா அருகே கரை கடந்தது. இப்படிப்பட்ட புயலுக்கு நடுவில் 'கண்' இருக்கும். கண் ஓர் ஊரைக் கடக்கும்போது காற்று திடீரென்று நின்றுவிடும். வானம்கூடத் தெளியலாம். "புயல் போய்விட்டது" என்று ஆட்கள் வெளியே வருவார்கள். கூரையைப் பார்ப்பார்கள், படகைத் தேடுவார்கள். சிறிது நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடியும் காற்று அடிக்கும். அதே வேகம். வெளியே வந்தவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். காற்று மெல்ல மெல்லக் குறைந்தால் புயல் போகிறது. சட்டென்று நின்றால், உள்ளேயே இருக்க வேண்டும்.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. கன்னியாகுமரி மீனவர்கள் பலர் அதற்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். அங்கே செல்போன் எடுக்காது. செய்தி அவர்களை எட்டவில்லை. பலர் திரும்பவே இல்லை.

ஆபத்தில் உதவி கேட்க இஸ்ரோ ஒரு கருவி செய்திருந்தது. பொத்தானை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல் படைக்குச் செய்தி போகும். ஆனால் அது போய்ச் சேர்ந்ததா என்று படகில் இருப்பவருக்குத் தெரியாது. அந்தத் தவிப்பை எண்ணிப் பாருங்கள்! 2024-இல் வந்த புதிய கருவியில் பதில் வருகிறது. புயல் எச்சரிக்கையும் வருகிறது. பதிலைக் கொண்டுவரும் நாவிக் செயற்கைக்கோள்கள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனவை. செய்தி செல்போனில் எழுத்தாகத் தெரியும், மீனவரின் தாய்மொழியிலேயே.