யாருடைய விருப்பப் பாடம்?

(கீழக்குயில்குடியில் மாலை நேரப் படிப்பு மையத்து மாணவர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நமக்குப் பின்னால நிக்கிறது சமணர் மலை. செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால செதுக்கின தீர்த்தங்கரர் சிலைகள் இருக்கு. சமணத் துறவிகள் தங்கின இடத்துக்குப் பள்ளின்னு பேர். படிக்கிற இடத்துக்கும் அந்தப் பேரே இன்னைக்கு நிலைச்சிருச்சு. இந்த ஊருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1914இல் வெள்ளைக்கார அரசாங்கம் இந்த ஊர்க் கள்ளர் மக்கள் மேல குற்றப் பரம்பரைச் சட்டத்தை ஏவியது. பிறப்பை வச்சே ஒரு மனுஷன் என்ன செய்வான்னு முன்கூட்டியே எழுதி வைக்கிற சட்டம் அது. 1947இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. ஆனால் பிறப்பை வைத்து எழுதுகிற பழக்கம் அதற்கு முன்னாலும் இருந்தது, பின்னாலும் இருக்கிறது. சேரிக்காரனுக்கு அதை எழுத சட்டம்கூடத் தேவைப்படவில்லை. அந்த எழுத்து பள்ளிக்கூடத்துக்குள்ளே எப்படி வேலை செய்கிறது என்பதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

நான் படிச்சது ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில். பேர் வேண்டாம். ஒரு பள்ளிக்கூடத்தின் மீது புகார் சொல்ல நான் வரலை. எங்க அப்பா தப்பு அடிக்கிறவர். ஊர்ல எழவு விழுந்தா ராத்திரியானாலும் ஆள் வரும். ஞானஸ்நானம் வாங்கின குடும்பம்தான், ஆனா தப்பு தோளை விட்டு இறங்கலை. பிள்ளையாவது படிக்கட்டும்னு என்னைப் போர்டிங்கில் கொண்டுபோய் விட்டார்.

வகுப்புல எல்லாரும் ஒரே பெஞ்சுதான். சாமியார் ஒரே மாதிரிதான் அடிப்பார், ஒரே மாதிரிதான் தட்டிக் கொடுப்பார். ஆனா சாயங்காலம் மூணு மணிக்கு மேல பாருங்க, அங்கதான் பிரிஞ்சோம். பேச்சுப் போட்டிக்கு ஒரு கூட்டம், பாடகர் குழுவுக்கு ஒரு கூட்டம், நாடகத்துக்கு ஒரு கூட்டம். பேண்ட் செட்டுக்கு ஆள் எடுக்க வந்த மாஸ்டர், காலனிப் பையங்க நாலு பேரை மட்டும் எழுப்பி நிறுத்தினார். "பழகின கை, சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்"னார். அதுவரைக்கும் நான் ஒரு நாள்கூட அப்பாவோட தப்பைத் தொட்டதில்லை. தொட விட்டதில்லை அவர்.

பேச்சுப் போட்டிக்குப் பேர் கொடுத்தேன். உச்சரிப்பு சரியில்லைன்னாங்க. கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் எங்களுக்கு இடையர் வேஷம். கம்பளியைப் போர்த்திக்கிட்டு ஓரமா நிக்கணும். வசனம் கிடையாது. இப்ப யோசிச்சா சிரிப்பு வருது. ஆண்டவர் பிறந்த சேதியை வானதூதர் முதல்ல சொன்னது இடையர்களுக்குத்தான். அவங்க போய் ஊரெல்லாம் சொன்னாங்கன்னு லூக்கா நற்செய்தியில் இருக்கு. நம்ம நாடகத்தில் அந்த இடையருக்கு வாய் இல்லை.

ஒரு நாள் பயிற்சி முடிஞ்சதும் சும்மா இருக்கிற நேரத்தில், அப்பா அடிக்கிற ஒரு அடியை அந்தச் சின்ன டிரம்மில் அடிச்சுப் பார்த்தேன். காதில் கேட்டது கைக்கு வந்துச்சு. மத்த மூணு பேரும் ஆட ஆரம்பிச்சாங்க. மாஸ்டர் ஓடி வந்து குச்சியைப் பிடுங்கி விரல் மேலயே அடிச்சார். "சாவுக் கொட்டை இங்க அடிக்காதே." கை அதேதான், தோலும் தோல்தான். கொடியேற்றத்துக்கு அடிச்சா ஒழுக்கம், எங்க அப்பா அடிச்சா தீட்டு. கை மட்டும் வேணும், அந்தக் கைக்குள்ள இருக்கிற கலை வேண்டாம்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். முதல் குரூப் கேட்டேன். கணக்கு, இயற்பியல், வேதியியல். அப்பா வாசல்படிக்கு வெளியே செருப்பைக் கழட்டிப்போட்டுக் கையைக் கட்டி நின்னார். "அது கஷ்டம்ப்பா. தொழிற்கல்வி எடுத்தா சீக்கிரம் கைத்தொழில் கத்துக்கிட்டுச் சம்பாதிக்கலாம்"னாங்க. அன்பாத்தான் சொன்னாங்க. என்னைவிட மார்க் குறைஞ்ச ஊர்ப் பையனுக்கு அந்த அன்பு காட்டலை, அவனுக்கு முதல் குரூப் கொடுத்தாங்க. 1978இல் பிளஸ் டூ வந்தபோது பொதுப் பிரிவு, தொழிற்பிரிவு என்று இரண்டு வைத்தார்கள். எதை எடுப்பது என்பது மாணவனின் விருப்பம். காகிதத்தில் அப்படித்தான் இருக்கு. எனக்குப் பொது இயந்திரவியல் விழுந்துச்சு. தலையைப் பார்க்கலை, மறுபடியும் கையைத்தான் பார்த்தாங்க.

தொழிற்கல்வி மட்டம் என்று நான் சொல்லவில்லை. உழைப்பை மட்டம் என்று சொல்ல நமக்கு என்ன வந்தது? நான் கேட்பது, அது யாருடைய விருப்பம் என்றுதான்.

இது ஒரு மாஸ்டரின் கெட்ட குணம் இல்லை தோழர்களே. இதற்கு வேர் நம்ம மதுரையிலேயே இருக்கு. 1606இல் இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். பிராமணத் துறவி கோலம் பூண்டார். பூணூல், குடுமி, சந்தனம் இருக்கலாம் என்று 1623இல் போப்பாண்டவரே ஒப்புக்கொண்டார். பின்னால், உயர்சாதியாருக்குச் சன்னியாசி சாமியார் என்றும், ஒடுக்கப்பட்டவர்களுக்குப் பண்டாரச் சாமியார் என்றும் இரண்டு வகையாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரே வேதம், இரண்டு வாசல். சாதியைப் பண்பாடு என்று பேர் மாற்றி உள்ளே விட்டார்கள். சேரியின் பண்பாட்டுக்கு மட்டும் அந்த இடம் கிடைக்கவில்லை.

அரசாங்கம் என்ன செய்தது? 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர் இன்னும் வெளியே. பள்ளிக்கூடத்தில் நான் பறையன், சான்றிதழில் நான் பறையன் இல்லை.

நன்றி கெட்டவன் என்று யாராவது நினைக்கலாம். எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தது அந்தப் பள்ளிதான். நம் தாத்தா பாட்டிகளை வேறு எவனும் சேர்க்காத காலத்தில் சேர்த்துக்கொண்டவர்களில் மிஷன் பள்ளிகளும் உண்டு. அதை மறுத்தால் வரலாற்றுக்குத் துரோகம். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதை உள்ளே இருந்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்த பாமா 1992இல் 'கருக்கு' எழுதினார். 1990இல் தமிழக ஆயர் பேரவை தலித் கிறிஸ்தவர்களுக்காகப் பத்து அம்சத் திட்டம் அறிவித்தது. 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள்ளே தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. மூணு மணிக்கு மேல என்ன மாறியது என்பதுதான் என் கேள்வி.

1990களில் மதுரை அரசரடியில், தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், தலித் ஆதார மையம் நடத்திய கலை விழாவுக்குப் போனேன். அது கத்தோலிக்கம் இல்லை, சீர்திருத்த சபைகளின் கல்லூரி. பரட்டை என்கிற தியாபிலஸ் அப்பாவு அங்கேதான் நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டுப் பாட்டுகள் கட்டினார். மேடையில் பறை முழங்கியது. எங்க அப்பாவோட அடி. எழவு வீட்டு வாசலில் மட்டும் கேட்ட அடியை வெளிச்சத்தில் நின்று கேட்டேன். என்னையறியாமல் விரலைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். பிறகு திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடித்து ஆடியதையும் பார்த்தேன். அந்தக் குழுவை உருவாக்கியவர் சந்திரா, ஒரு கத்தோலிக்கக் கன்னியர். மனசு வைத்தால் உள்ளிருந்தும் முடியும்.

2025இல் நம்ம அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மகிழ்ச்சி. இப்போது பள்ளி ஆண்டு விழாக்களிலும் பறை வருகிறது. இங்கேதான் நாம் விழிப்பாக இருக்கணும். பறையை மேடையேற்றிவிட்டு, அதை அடிக்க மறுபடியும் காலனிப் பிள்ளைகளை மட்டும் எழுப்பி நிறுத்தினால், அது பழைய பேண்ட் மாஸ்டர் வேலைதான். ஊர்ப் பிள்ளையும் அக்ரகாரத்துப் பிள்ளையும் பறையைத் தோளில் மாட்டட்டும். நம் பிள்ளை பேச்சுப் போட்டியில் ஒலிபெருக்கியைப் பிடிக்கட்டும். இரண்டும் ஒன்றாக நடந்தால்தான் அது கலை. ஒன்று மட்டும் நடந்தால் அது பழைய ஊழியம்.

தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் பகுதியில் உள்ள பள்ளிகளுக்குப் போங்கள். அரசுப் பள்ளியோ, சாமியார் பள்ளியோ, இந்து நிர்வாகப் பள்ளியோ, எதுவாக இருந்தாலும். பேச்சுப் போட்டிக்கு யார் போனார்கள், நாடகத்தில் யாருக்கு வசனம், மாணவர் தலைவர் யார், முதல் குரூப்பில் யார், தொழிற்பிரிவில் யார், பந்தி பரிமாறவும் நாற்காலி தூக்கவும் யார் என்று கணக்கெடுங்கள். நம் கையில் கணக்கு இருந்தால்தான் நிர்வாகத்தோடு பேச முடியும். அரசுச் சம்பளம் வாங்குகிற உதவிபெறும் பள்ளிக்குக் கணக்குக் காட்டும் கடமை உண்டு.

கடைசியா ஒண்ணு. முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிற தங்கச்சி பத்தாவது படிக்குது. அடுத்த வருஷம் என்ன குரூப்னு கேட்டேன். "அவங்க எது குடுக்குறாங்களோ அதுண்ணே"ன்னுச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னால எங்க அப்பா வாசப்படியில் நின்னு சொன்னதும் இதேதான். சேர்க்கை நாளன்னைக்கு அவ அப்பா மட்டும் போகக் கூடாது. நாம பத்துப் பேர் கூடப் போவோம். செருப்பைக் கழட்ட வேண்டாம். உனக்கு என்ன வேணும்னு முதல்ல அவகிட்ட கேட்கச் சொல்லுவோம்.