கயிறு பிடிக்க ஆள் இல்லாத ஆழம்: இரட்டைச் சிலிண்டரின் கதை

மட்டக்களப்புக் கரையிலிருந்து படகில் ஏறக்குறைய 9 கிலோமீட்டர் போனால், கீழே 53 மீட்டர் ஆழத்தில் ஒரு போர்க்கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. பெயர் ஹெர்மிஸ். விமானந்தாங்கிக் கப்பலாகவே வரைபடம் போட்டுத் தொடங்கப்பட்ட உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டு மூழ்கடித்தன. 307 பேர் இறந்தார்கள். அதைப் பார்க்க உலகின் பல மூலைகளிலிருந்து டைவர்கள் வருகிறார்கள். அந்த ஆழத்துக்கு ஒற்றைச் சிலிண்டர் போதாது, முதுகில் இரண்டு வேண்டும். ஆனால் விமானத்தில் இரண்டு சிலிண்டர்களைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் அநேகமாக இல்லை. பிறகு எப்படி இறங்குகிறார்கள்? இன்றைய காணொளி அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். நம் ஊரில் கிணறு தூர் வாரும்போது உள்ளே ஒருவர் இறங்கினால், மேலே கயிறு பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். கீழே இருப்பவருக்கு மூச்சு முட்டினால் அவர்தான் இழுத்து மேலே கொண்டுவர வேண்டும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களும் அப்படித்தான் இறங்கினார்கள். காலில் கல்லைக் கட்டி இறங்குபவரின் கயிறு படகில் இருப்பவரின் கையில் இருக்கும். கயிறு அசைந்ததும் இழுப்பார். ஆழத்தில் இருப்பவரின் இரண்டாவது உயிர் மேலே நின்றது. சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மனிதன் தனியாக நீந்தத் தொடங்கியதும் அந்தக் கயிறு அறுந்துபோனது. இரட்டைச் சிலிண்டரின் வரலாறு முழுவதும், கயிறு பிடித்தவரின் இடத்தை எப்படி நிரப்புவது என்ற யோசனைதான் என்று நான் நினைக்கிறேன்.

1943இல் பிரான்சில் கடற்படை அதிகாரி ழாக் கூஸ்தோவும், ஏர் லிக்விட் நிறுவனத்தின் பொறியாளர் எமில் கான்யானும் அக்வாலங் என்ற கருவியை உருவாக்கினார்கள். மூச்சை இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாகக் காற்றைக் கொடுக்கும் ரெகுலேட்டர்தான் அதன் உயிர்நாடி. அந்தக் கோடையில் மத்தியதரைக் கடலில் கூஸ்தோ அதைக் கட்டிக்கொண்டு இறங்கியபோது அவர் முதுகில் இருந்தவை மூன்று சிலிண்டர்கள். பாதுகாப்பை எண்ணி மூன்று வைக்கவில்லை. அன்றைய சிலிண்டர்கள் சிறியவை, ஒன்றில் அடைக்கும் காற்று போதவில்லை. மூன்றும் ஒரே ரெகுலேட்டருக்குத்தான் போயின. அந்த ஒன்று கெட்டால் மூன்றில் இருக்கும் காற்றும் கைக்கு எட்டாது.

ஆழம் போகப் போகக் காற்று ஏன் இவ்வளவு வேகமாகத் தீர்கிறது? மேட்டூர் அணையை வைத்துக் கணக்குப் போடலாம். 1925இல் தொடங்கி 1934இல் முடிந்த அணை, முழுக் கொள்ளளவில் 120 அடி. நீர் வற்றும்போது பண்ணவாடிப் பக்கம் தலைகாட்டும் பழைய நந்திச் சிலையை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீரில் 10 மீட்டருக்கு ஒரு பார் வீதம் அழுத்தம் ஏறும். 120 அடிக்குக் கீழே அழுத்தம் மேலே இருப்பதைப்போல் ஏறக்குறைய 4.66 மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் காற்று இழுப்பவர், அங்கே 93 லிட்டர் இழுப்பார். இன்று உலகெங்கும் வாடகைக்குக் கிடைக்கும் அலுமினியச் சிலிண்டரில் 11 லிட்டர் இடத்தில் 207 பார் அழுத்தத்தில் ஏறக்குறைய 2,300 லிட்டர் காற்று இருக்கும். அது 25 நிமிடத்தில் காலி. ஹெர்மிஸ் கிடக்கும் 53 மீட்டரில் 18 நிமிடம். இறங்கும் நேரமும், நின்று நின்று மெதுவாக ஏறும் நேரமும் இதற்குள்தான் அடங்க வேண்டும். அடங்காது.

ஆழத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அழுத்தத்தில் சாதாரணக் காற்றின் நைட்ரஜன் குடித்ததைப்போன்ற மயக்கத்தைத் தரும். 1947இல் கூஸ்தோவின் தோழர் மோரிஸ் ஃபார்க் 120 மீட்டர் வரை போனதற்கு அடையாளமாக அங்கிருந்த பலகையில் கையெழுத்திட்டார், உயிரோடு திரும்பவில்லை. அவர் கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கினார், மேலே ஆட்களும் இருந்தார்கள். கயிறு அசையாமல் நின்றதைப் பார்த்து அவர்கள் இழுத்தபோது நேரம் கடந்துவிட்டிருந்தது. ஹெர்மிஸ் போன்ற ஆழத்துக்கு இன்று ஹீலியம் கலந்த காற்றைப் பயன்படுத்துவது இதனால்தான்.

1950களில் இங்கிலாந்தின் டைவர்கள் வேறொரு வழி கண்டார்கள். போர் முடிந்து மிச்சமான விமானப்படை ஆக்சிஜன் சிலிண்டர்கள் அவர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. இரண்டைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு வால்வு வைத்தார்கள். காற்று எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கேஜ் பலரிடம் இல்லாத காலம். ஒரு சிலிண்டரில் மட்டும் மூச்சு இழுப்பார்கள். இழுக்கக் கனமாகும்போது நடு வால்வைத் திறப்பார்கள். நிறைந்த சிலிண்டரிலிருந்து காலிச் சிலிண்டருக்குக் காற்று பாயும் சத்தம் முதுகிலேயே கேட்கும். சத்தம் நின்றதும் வால்வை மூடுவார்கள். இப்போது இரண்டிலும் பாதிப் பாதி. மறுபடி கனமாகும்போது திறந்தால் கால் கால். அப்போது மேலே கிளம்ப வேண்டும். காதாலும் நெஞ்சாலும் கணக்குப் பார்த்த அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். இரண்டாவது சிலிண்டர் என்பது திரும்பி வருவதற்கான காற்று என்ற எண்ணம் அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது.

அதே காலத்தில்தான் இந்தக் கருவி நம் கடலுக்கும் வந்தது. ஆர்தர் சி. கிளார்க் என்ற ஆங்கில எழுத்தாளர் 1954 டிசம்பரில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போகும் வழியில் கொழும்பில் இறங்கினார். ராட்னி ஜோங்க்லாஸ் என்ற இலங்கை டைவரை அங்கே சந்தித்தார். 1956இல் நண்பர் மைக் வில்சனுடன் திரும்பி வந்து இலங்கையிலேயே தங்கிவிட்டார். அந்த ஆண்டு திருகோணமலையில் சுவாமி மலைப் பாறைக்குக் கீழே வில்சன் முக்குளித்தபோது, செதுக்கிய கற்களும் தூண்களும் கடலடியில் கிடப்பதைக் கண்டார். 1620களில் போர்த்துக்கீசியர் இடித்துத் தள்ளிய கோணேசர் கோயிலின் சிதைவுகள் அவை. மூன்று நூற்றாண்டுக்கு மேல் பாட்டிலும் பேச்சிலும் மட்டும் இருந்த கோயிலின் கற்களை ஒரு மனிதன் கையால் தொட்டுப் பார்க்க முடிந்ததற்கு முதுகில் இருந்த சிலிண்டர்தான் காரணம். தமிழர் வரலாற்றில் அக்வாலங்குக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இதுதான். 1961இல் இலங்கையின் தென்கிழக்கில் கிரேட் பாஸஸ் பாறைத் திட்டில் ஔரங்கசீப் காலத்து வெள்ளி ரூபாய்கள் கிடைத்ததும் வில்சன் குழுவின் கண்டுபிடிப்புதான். தூத்துக்குடியில் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மகாதேவனும் நாகப்பன் நாயரும் 1960களில் கடலடியில் நேரில் பார்த்து, முத்துப்படுகைகள் இருக்கும் மன்னார் வளைகுடாவின் உயிரினங்களைப் பதிவு செய்தார்கள்.

இரட்டைச் சிலிண்டர் இன்றைய வடிவத்துக்கு வந்தது கடலில் இல்லை, நீர் நிறைந்த குகைகளில். தலைக்கு மேல் பாறை, நேராக மேலே ஏற வழியில்லை. 1970களில் பஹாமாஸ் தீவுகளின் நீலக்குழிகளில் முக்குளித்த கனடாக்காரர் ஜார்ஜ் பெஞ்சமின் குழுவினர், ஐக் இகெஹாரா வடிவமைத்த இரட்டை வாய் மேனிஃபோல்டைப் பரவலாக்கினார்கள். இரண்டு சிலிண்டரையும் ஒரு குழாய் இணைக்கும். ஆனால் ரெகுலேட்டர்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி வால்வு. ஒரு ரெகுலேட்டர் கெட்டுக் காற்று பீறிட்டால், கையைப் பின்னால் கொண்டுபோய் அதன் வால்வை மூடிவிடலாம். மற்ற ரெகுலேட்டர் வழியாக இரண்டு சிலிண்டரின் காற்றும் கிடைக்கும். பிறகு நடுக் குழாயிலும் ஒரு வால்வு வந்தது. இணைப்பிலேயே கசிந்தால் அதை மூடிப் பாதிக் காற்றையாவது காப்பாற்றலாம். புளோரிடாவின் ஷெக் எக்ஸ்லி 1979இல் குகை விபத்துகளை அலசி எழுதிய சிறு நூலில் வலியுறுத்திய விதி இன்றும் நிற்கிறது: போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, மீதி ஒரு பங்கு ஆபத்துக்கு. கூஸ்தோவின் முதுகில் வெறும் காற்றுக் கிடங்காக இருந்தது இங்கே துணையாக மாறியது.

இப்போது பயணத்துக்கு வருவோம். கப்பலில் போன காலத்தில் எடை பெரிய தடை இல்லை. விமானத்தில் அலுமினியச் சிலிண்டர் ஒன்றே 14 கிலோ. பெரும்பாலான விமான நிறுவனங்கள் சிலிண்டர் காலியாக இருக்க வேண்டும், வால்வையும் கழற்றியிருக்க வேண்டும் என்கின்றன. எனவே டைவர்கள் சிலிண்டரை ஊரிலேயே விட்டுவிட்டு, இணைப்பை மட்டும் கொண்டுபோகத் தொடங்கினார்கள். என் மேசைமேல் இருக்கும் இந்த இரண்டு துருப்பிடிக்காத எஃகுப் பட்டைகளைப் பாருங்கள். எட்டு என்ற எண்ணைப் படுக்கவைத்ததைப்போல வளைந்திருக்கும், நடுவில் ஒரு போல்ட். மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் 28 சென்டிமீட்டர் இடைவெளி வைத்துப் பூட்ட வேண்டும். சிலிண்டர்களைத் தாங்கும் முதுகுத் தகட்டின் துளைகள் அந்த அளவில்தான் இருக்கும். போகும் இடத்தில் ஒரே மாதிரியான இரண்டு வாடகைச் சிலிண்டர்களைச் சமதளத்தில் நிறுத்தி, வால்வுகள் சரியான பக்கம் பார்க்கும்படி திருப்பி, பட்டைகளை மாட்டி, மேலும் கீழும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார்கள். ஒரே மூச்சில் ஒரு பட்டையை இறுக்கினால் சிலிண்டர்கள் கோணிக்கொள்ளும்.

பட்டையின் அளவும் முக்கியம். அந்த அலுமினியச் சிலிண்டரின் குறுக்களவு 184 மில்லிமீட்டர். ஐரோப்பாவில் பரவலாக உள்ள நீளமான 12 லிட்டர் எஃகுச் சிலிண்டர் 171. ஒன்றின் பட்டை மற்றதைப் பிடிக்காது.

அதைவிடப் பெரிய சிக்கல் மரை. நாமக்கல், சங்ககிரி லேத் பட்டறைகளில் வேலை பார்ப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். அமெரிக்க வகைச் சிலிண்டரின் கழுத்தில் முக்கால் அங்குலக் குழாய் மரை, அங்குலத்துக்கு 14 சுற்று. அதாவது ஒரு சுற்றுக்கு 1.81 மில்லிமீட்டர். ஐரோப்பிய வகையில் 25 மில்லிமீட்டர் மரை, சுற்றுக்கு 2 மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 25 மில்லிமீட்டர் வால்வு முக்கால் அங்குலக் கழுத்துக்குள் கொஞ்சம் தளர்வாக ஏறிவிடும், பிடித்ததைப்போலவும் இருக்கும். உண்மையில் பல்லின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். லாரி டயரில் இருப்பது ஏறக்குறைய 8 பார் அழுத்தம். இங்கே 200 பார், அந்தச் சின்னக் கழுத்தில் ஒரு டன் எடைக்கு நிகரான விசை. காற்று அடைக்கும்போது வால்வு தெறித்தால் எதிரில் இருப்பவர் பிழைப்பது கடினம். உலகில் இப்படி நடந்திருக்கிறது. எனவே சொந்த மேனிஃபோல்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போய், அந்நிய ஊர்ச் சிலிண்டரின் வால்வைக் கழற்றி மாட்டுவது எனக்கு ஒப்பாத வேலை. மாட்டியே ஆக வேண்டுமென்றால், கழுத்தோரத்தில் பொறித்திருக்கும் மரை அளவையும் சோதனைத் தேதியையும் படித்து, பிட்ச் கேஜ் வைத்துப் பார்த்த பிறகே.

பயணிகளுக்கு இன்னொரு பழைய வழி பொருந்தும். வாடகைச் சிலிண்டர்களின் சொந்த வால்வுகளைத் தொடாமல், பட்டையால் மட்டும் சேர்த்து, தனித்தனி ரெகுலேட்டர், தனித்தனி கேஜ் மாட்டிக்கொள்வது. நடுவில் இணைப்பு இல்லாததால் மூச்சை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். 210 பாரில் தொடங்கி, முதல் சிலிண்டரை 140 வரை இழுத்து, அடுத்ததுக்கு மாறி அதையும் 140 வரை இழுத்ததும் திரும்ப வேண்டும். போக 70உம் 70உம் சேர்ந்து 140 செலவு. திரும்ப அதே 140 போதும், அது ஒவ்வொரு சிலிண்டரிலும் தனியாக இருக்கிறது. ஒன்று முழுதாகக் கெட்டாலும் மற்றது கரை சேர்க்கும். கவனம் சிதறி மாற்ற மறந்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும் என்பது இதன் குறை. சிலிண்டர்களை முதுகில் சேர்க்காமல் இரு பக்க விலாவிலும் தொங்கவிடும் முறையும் இன்று பரவியிருக்கிறது. இங்கிலாந்தின் இடுக்கமான குகைகளில் பிறந்த அதற்குப் பட்டையே வேண்டாம்.

வெளிநாட்டில் அலுமினியச் சிலிண்டரை வாடகைக்கு எடுப்பவர்கள் மிதப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். காற்றுக்கும் எடை உண்டு. நிறைந்த இரட்டைச் சிலிண்டரில் இருக்கும் காற்று மட்டும் ஐந்தரைக் கிலோ. அது தீரத் தீரச் சிலிண்டர்கள் மிதக்கப் பார்க்கும். மேலேறும் வழியில் ஆறு மீட்டரில் அசையாமல் நிற்க வேண்டிய கடைசி நிமிடங்களில்தான் அந்த இழுப்பு அதிகம். அதை ஈடுகட்டும் ஈயத்தை இறங்கும்போதே கட்டியிருக்க வேண்டும்.

திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போக நினைப்பவர்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே அங்குள்ள டைவிங் நிலையத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். சிலிண்டர் அலுமினியமா, எஃகா, குறுக்களவு என்ன, கழுத்தில் எந்த மரை, ரெகுலேட்டர் மாட்டும் வாய் திருகும் வகையா, கவ்வும் வகையா, ஹீலியம் கிடைக்குமா. இரட்டைச் சிலிண்டருக்கும் ஆழத்துக்கும் உரிய பயிற்சியை அதற்கு முன்பே முடித்திருக்க வேண்டும். கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருப்பது சித்திரையிலிருந்து புரட்டாசி வரை. வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் அந்தப் பக்கம் படகு இறங்காது.