முனையில் இருக்கிறது காப்பு



கட்டடம் தீப்பற்றி எரியும்போதும் அபாய மணி ஒலிக்க வேண்டும். அவசர விளக்கு அணையாதிருக்க வேண்டும். இதற்குத் துணைநிற்பது கனிமக் காப்புக் கேபிள். செப்பு உறைக்குள் செப்புக் கம்பிகள். இடையே இறுக நிரப்பிய மக்னீசியம் ஆக்சைடு தூள். செம்பு உருகுவது ஏறத்தாழ 1,085 டிகிரி செல்சியஸில். தூள் உருகுவதோ 2,800 டிகிரியளவில்.

ஆயினும் வெட்டுண்ட முனை வழியே அத்தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும்; காப்புத்தடை வீழும். ஆகவே மின்பணியாளர் உறையைச் சீராக உரித்து, உலோகத் துகள்களை அகற்றி, தாமதமின்றி முனையை அடைப்புப் பசையால் மூடி, மெக்கர் கருவியால் சோதித்தல் வேண்டும்.

இத்திறன் ஏட்டில் வருவதன்று. பழகாவிடில் கை மறந்துவிடும். தொழிற் பழகுநர் சட்டம், 1961 தொழில் கற்க வழிவகுத்தது. கற்றதைக் காப்பதற்கு, சான்றிதழ் பெற்றோருக்கும் அவ்வப்போது மறுபயிற்சி தேவை. அதற்குச் சில முழக் கேபிளே செலவு. தவறினால் இழப்பது உயிர்கள்.