தாதியின் காலுக்கும் கவனிப்பு வேண்டும்

இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் தாதி சப்பாத்தைக் கழற்றும்போது அவர் பாதங்களைப் பாருங்கள். பல நாள் வீங்கியிருக்கும். மணிக்கணக்கில் நின்றால் காலில் நீர் தங்கிவிடும்.

ஆகவே, புதுச் சப்பாத்து வாங்க வேலை முடிந்த பிறகே, வேலைக்குப் போடும் காலுறையோடு செல்ல வேண்டும். இரு கால்களையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்றதை எடுக்க வேண்டும். நீண்ட விரலுக்கு முன்னால் 1 சென்டிமீட்டர் இடம் இருக்கட்டும். குதிகால் நழுவக்கூடாது, அடிப்பாகம் ஈரத் தரையில் வழுக்கக்கூடாது. முன்பகுதி மூடியிருக்கட்டும், ஊசி விழலாம்.

நோயாளியைத் தூக்கும் நேரத்தில் தாதியின் கால் வழுக்கினால் இருவருமே விழுவார்கள். உங்கள் வீட்டில் தாதி இருந்தால், அடுத்த சம்பளத்தில் முதல் செலவு அவர் சப்பாத்தாக இருக்கட்டும்.